பன்னிரண்டு ஷிஃப்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பது. சமையலறையில் தண்ணீர் கேன் விழுந்த சத்தத்துக்குத் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது சுவர்க் கடிகாரம். அதனால்தான் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் நிற்கிறது. இருபது லிட்டர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்ப்பது எங்கள் வீட்டில் மகனுடைய வேலை. பதினைந்து வயது, ஒரே தம்மில் தூக்கிவிடுவான். அன்று கேன் அவன் கையிலிருந்து நழுவி, தண்ணீர் ஹால் வரை ஓடியிருந்தது. அதன் நடுவே அவன் உட்கார்ந்திருந்தான்.

"கை, கால்ல எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா."

"விடிய விடிய போனைப் பாத்தா வேற என்ன ஊரும்? எழுந்து துடை."

நான் சொன்னது இதுதான். எழுந்திருக்க அவன் சுவரைப் பிடித்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இட்லிக்கு மாவு எடுக்கப் போனேன்.

போன புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நம் குரூப்பில் ஒரு வரி போட்டேன்: 'எதிர்வீட்டு அண்ணன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா?' அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றாக வளர்ந்து, இன்று ஆளுக்கொரு ஊரில் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பதினேழு பேர் நாம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பத்தே நிமிடத்தில் நம்பர் வந்தது. 'என்னாச்சு?' என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை நான் பதில் போடவில்லை. ஐ.சி.யூ.வுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இப்போது தட்டுகிறேன். உள்ளே மகன் இன்னும் மெஷினில்தான் இருக்கிறான். ஆனால் பதிலை நாம் சடுகுடு ஆடிய அந்த ஒரு கோடை விடுமுறையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது.

இருபத்திரண்டு வீடுகள், எதிரெதிராக. நடுவில் இரண்டு சைக்கிள் ஒதுங்கிப் போகும் சந்து. சந்தின் கோடியில் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் பிரஸ் ஷாப். நம் அப்பாக்கள் அங்கே காலால் பெடலை மிதிக்க மிதிக்கத் தகடு வெட்டுப்பட்டு விழும். தொம், தொம் என்று இரவும் பகலும் கேட்கும். அடி நின்றால்தான் நமக்குத் தூக்கம் கலையும். வீட்டுக்கு வரும் அப்பாக்களோடு கட்டிங் ஆயில் வாசனையும் வரும், எந்தச் சோப்புக்கும் போகாது. கடிகாரம் யாருக்கு வேண்டும்? ஆறு மணிக்கு, இரண்டு மணிக்கு, பத்து மணிக்குச் சங்கு. இரண்டு மணிச் சங்குக்கு ஏ ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் படுப்பார்கள், அம்மாக்களும் கண்ணயர்வார்கள். உடனே சுவர் நிழலில் கோடு கிழிப்போம்.

எதிர்வீட்டு அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்குப் பதினொன்று. ஆண், பெண் என்று நாம் பிரித்து ஆடியதில்லை. அவர் பாடி வந்தால் பாட்டு முடியவே முடியாது. நாமெல்லாம் 'சடுகுடு'வுக்கு நடுவே திருட்டுத்தனமாக ஒரு வாய் மூச்சு இழுத்துக்கொள்வோம். அவருக்கு அந்தத் திருட்டு தேவைப்பட்டதில்லை. மூன்று பேரைத் தொட்டுவிட்டு, திரும்பி வரும்போதும் பாட்டு அதே கனத்தில் இருக்கும்.

அந்தக் கோடையில் லைனில் முதல் அம்மை அவர் வீட்டில்தான். வாசலில் வேப்பிலை செருகினார்கள். அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை நின்றது. அவர் அம்மா தலை வாராமல், செருப்புப் போடாமல் குழாயடிக்கு வந்தார். அம்மை இறங்கத் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும், வெயிலில் வைத்துச் சூடான தண்ணீர், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு. மூன்றாம் தண்ணீர் ஊற்றி ஆத்தாளை வழியனுப்பும்வரை பையன் வாசல் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரி என்ற பேச்சே கூடாது.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் மதியம் நாம் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். முகமெல்லாம் உதிர்ந்த கொப்புளத் தழும்பு.

"இன்னாடா, ஆத்தா லீவு குட்த்துட்டாளா?"

"மூணாம் தண்ணி ஊத்தாம ஏன்டா வந்துகினு கீறே? எங்களுக்கும் வாரி உடவா?"

"ஒரே ஒரு பாட்டு, மாமே. ஊட்டுக்குள்ளயே கெடந்து பைத்தியம் புட்சிடும் போல கீது."

பாடி வந்தார். பாதம் தரையில் தொப்புத் தொப்பென்று விழுந்தது, அளவில்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல. கோட்டைத் தாண்டி நான்கு அடி வந்திருப்பார். நான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தேன். வழக்கமாக அந்தக் காலைப் பிடித்தால் என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போய்விடுவார். அன்று கால் என் கையில் அப்படியே கிடந்தது. பாட்டு அறுந்தது.

"பாட்ட உட்டுட்டான்! அவுட்டு! அவுட்டு!" கத்தியது நான்தான்.

"ஆத்தா போவ சொல்லோ உன் தம்மையும் தூக்கிகினு பூட்டாடா!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். நான் அருகில் இருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"உள்ள இழுக்க வர்லடி, பாப்பா. மூச்சு பாதிலயே நிக்கிது."

பிறகு என் கையைப் பிடித்து எழுந்து, "ஊட்ல சொல்லிடாத. வெளிய வந்தேன்னு தெரிஞ்சா அம்மா தோல உரிச்சிடும்" என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

வியாழக்கிழமை மாலை அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினாள். வாசலிலேயே நின்றேன். உள்ளே பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா சொன்னார்: "பையன் டம்ளரை நழுவ விடறான், நடந்தா காலைப் போட்டு அடிக்கிறான். டாக்டர் கிட்ட காட்டிடலாம்மா."

அண்ணனின் அம்மா, "பத்து நாளா உப்பில்லாத கஞ்சி, தெம்பு எங்கேந்து வரும்ணா? காலைல மூணாம் தண்ணி. ஊத்திட்டு உடனே கூட்டிகினு போறோம். ஒரு நாளு தானே" என்றார்.

என் அப்பா யூனியனில் பேசுகிறவர், பேப்பர் படிக்கிறவர். "சரிம்மா, ஒரு நாள்தானே" என்று எழுந்துகொண்டார்.

மூச்சு பாதியில் நிற்கிறது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. கை, கால்தான் அவர்களுக்குத் தெரியும். மூச்சைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் வாசலில் மோரோடு நின்றுகொண்டிருந்தாள். சொன்னால் அவருக்கு அடி விழும், எனக்கும் விழும். சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பின்னாளில் அந்த அம்மாவைப் பற்றி நாமெல்லாம் என்ன பேசினோம் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. படிக்காதவள், சாமி பைத்தியம், பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள். கல்லூரி முடித்த பிறகு நானே ஒரு கல்யாணத்தில் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இனி என்னால் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் போன வாரத்துத் திங்கட்கிழமை.

மூன்று வாரம் முன்பு மகனுக்குக் காய்ச்சல் வந்து போனது. திருநின்றவூரில் எங்கள் தெரு முழுக்க இருந்த வைரல் காய்ச்சல்தான். கேன் விழுந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். காய்ச்சலுக்குப் பின் வரும் அசதி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை அவனால் படி இறங்க முடியவில்லை. என் கணவர் கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பை எடுத்து அவன் விரலில் மாட்டினார். அந்தக் கிளிப் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். யார் தும்மினாலும் அதைத்தான் கேட்போம்.

"தொண்ணூத்தேழு. பாரு, ஒண்ணும் இல்ல. காய்ச்சலும் இல்ல."

எனக்கும் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாகத்தான் இருந்தது. பதினோரு மணிக்கு சோபாவில் சாய்ந்திருந்தவன் தண்ணீர் கேட்டான்.

"அம்மா..." நிறுத்தினான். "தண்ணி..." மறுபடி நிறுத்தினான். "குடு."

மூன்று சொல், மூன்று மூச்சு. என் கையில் முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய ஒரு கணுக்கால் வந்து விழுந்தது.

"ஒரே மூச்சுல சடுகுடு பாடு" என்றேன்.

"என்னம்மா... காமெடியா..."

"பாடுறா!"

பாடினான். ஏழு சடுகுடு. அதோடு நின்றது. மறுபடி பாடச் சொன்னேன். ஆறு. நான் பாடிப் பார்த்தேன், நாற்பதைத் தாண்டியும் போனது. கிளிப்பில் அப்போதும் தொண்ணூற்றேழு.

கணவர் லேப்டாப்பை மூடாமலே, "பன்னெண்டு மணிக்கு ஆபீஸ் கால் முடிஞ்சிடும், முடிச்சுட்டுக் கிளம்பலாம். தொண்ணூத்தேழு இருக்கே, ஒரு மணி நேரம்தானே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மகனுக்காக உயிரைக் கொடுப்பார். எதிர்வீட்டு அம்மாவும் அப்படித்தான். மூன்றாம் தண்ணீரை அவர் நம்பினார், நாங்கள் தொண்ணூற்றேழை நம்பினோம். அன்று வாசலில் நின்று விழுங்கியதையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள்தான் அவனைத் தூக்கிக் காரில் வைக்க உதவினார்கள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் சொன்னது, "தலையணையிலிருந்து தலையைத் தூக்கு, தம்பி." அவனால் முடியவில்லை. பிறகு டாக்டர் விளக்கினார். வைரஸை விரட்டக் கிளம்பிய உடம்பு, ஆள் தெரியாமல் தன் நரம்புகளையே அடிக்கிறது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். மார்பை விரிக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பும் ஓயும்போது மூச்சு நிற்கும். நுரையீரல் நன்றாகவே இருப்பதால், உள்ளே வருகிற கொஞ்சக் காற்றை வைத்து ரத்தம் கடைசிவரை சமாளிக்கும். "கிளிப்ல நம்பர் இறங்குற வரைக்கும் காத்திருந்தா நமக்கு நேரம் இருந்திருக்காதும்மா" என்றார். நான்கு மணிக்குத் தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் சேர்த்தார்கள்.

அம்மைக்குப் பிறகு அண்ணனை அடித்ததும் இதே நோய்தான். லைனில் அந்த வெள்ளிக்கிழமை காலையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தண்ணீரை என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். மணையில் அண்ணனை உட்கார வைத்து, அவர் அப்பா முதுகைப் பிடித்துக்கொள்ள, அவர் அம்மா ஊற்றினார். இரண்டாவது செம்பில் தலை மார்பில் சாய்ந்தது. வாயில் போன தண்ணீர் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. ஈரத்துணியும் வேப்பிலையுமாகக் கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே அப்போது மூச்சு மெஷின் இரண்டுதான், இரண்டிலும் ஆள் இருந்தது. தொண்டையில் துளை போட்டு, அதில் ஒரு கறுப்பு ரப்பர் பையை மாட்டி, அவர் அப்பா கையில் கொடுத்தார்களாம். "மெஷின் காலியாகுற வரைக்கும் இதை அமுக்குங்க. நீங்க மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஒரு அமுக்கு. கை நின்னா பையன் இல்ல."

செய்தி இரண்டு மணிச் சங்குக்கு பிரஸ் ஷாப்புக்கு வந்தது. ஜாப் கார்டின் பின்பக்கத்தில் ஏ, பி, சி என்று கோடு போட்டு, ஷிஃப்டுக்கு இரண்டு பேர் பெயர் எழுதினார்கள். இங்கே வேலை முடித்தவர்கள் அங்கே போனார்கள். யூனியன் தகராறில் இரண்டு வருடம் முகம் பார்க்காத இருவர் ஒரே பையை மாற்றி மாற்றி அமுக்கினார்கள். நான்கு நாள், பன்னிரண்டு ஷிஃப்ட். அதில் மூன்று என் அப்பாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அம்மா என்னையும் கூட்டிப்போனாள். வார்டு கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பா கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார். பிரஸ்ஸில் நகம் போன அவருடைய நடுவிரல் பைமேல் அழுந்தி எழுந்தது. ஒவ்வொரு அமுக்குக்கும் அவருடைய வலது கால், கட்டிலின் கீழ்க்கம்பியை மிதித்துக்கொண்டிருந்தது, அங்கே பெடல் இருப்பதுபோல. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அந்தக் காலைப் பார்த்து எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது, அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

ஐந்தாம் நாள் மெஷின் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அண்ணன் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, இரண்டு பேர் தோளில் வீடு வந்தார். அடுத்த வருடம் அவர்கள் லைனைக் காலி செய்தார்கள். இப்போது லைனே இல்லை, அந்த இடத்தில் கன்டெய்னர் நிற்கும் கிடங்கு. அப்பாவும் இல்லை. நான் சொல்லாமல் விட்டதை அவரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மகன் கண் திறந்தான். எல்லாம் புரிகிறது, கேட்கிறது. அசைவது கண்ணும் புருவமும் மட்டும்தான். நரம்புக்கான மருந்து ஐந்து நாள் ஏற வேண்டும், அதுவரை மெஷின்தான் அவனுக்கு மூச்சு. ஆனால் மெஷின் கொடுக்கிற காற்றை அவன் மிச்சமிருக்கும் கொஞ்ச பலத்தால் தடுத்தான். நிமிடத்துக்கு நிமிடம் அலாரம்.

"பையன் மெஷினோட சண்டை போடறான்மா" என்றார் நர்ஸ். டாக்டர் சொன்னார்: "இப்படியே போனா ஆழமா மயக்கம் குடுக்க வேண்டி வரும். அது இல்லாமப் பாக்கலாம்னு நினைக்கிறேன். நீங்க தைரியம் சொல்லுங்க."

"பயப்படாதே கண்ணா, விடு, மெஷின் பாத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் என் மூக்கைப் பார்த்தான், என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கண்ணில் இருந்தது எனக்குப் புரிந்தது: உனக்கு என்ன தெரியும்? கணவரும் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். புதன்கிழமை காலை எட்டு மணிவரை டாக்டர் பொறுத்துப் பார்த்தார். மதியத்துக்குள் முடிவு செய்துவிடலாம் என்றார். அப்போதுதான் நம்பர் கேட்டேன்.

பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். குமணன்சாவடியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாராம். கடையை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டில் வந்திருந்தார். சட்டையில் வார்னிஷ் வாசனை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார், குரல் கரகரத்தது. அத்தனை வருடம் கழித்துப் பார்த்தவளிடம், "இன்னா பாப்பா, எந்த மாடி?" என்றுதான் கேட்டார்.

லிஃப்டில் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணா, அன்னைக்கு மூச்சு நிக்குதுன்னு என்கிட்டதான் சொன்னீங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. சொல்லியிருந்தா..."

"நானா சொன்னேன்? எனுக்கு ஞாபகமே இல்ல." மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ கால வாரி உட்டது தான் ஞாபகம் கீது. முட்டி ரெண்டும் சிராச்சிகினு."

டாக்டர் ஐந்து நிமிடம் அனுமதித்தார். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு மகனின் தலைமாட்டுக்குப் போனார். நான் கால்மாட்டில் நின்றேன். அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக் குனிந்து, கழுத்துக்குழியில் இருந்த பழைய தழும்பை மகனின் கண்ணுக்கு நேராகக் காட்டினார்.

"நைனா, இத்த பாரு. இந்த ஓட்ட வழியாதான் நாலு நாளு மூச்சு உட்டேன். நான் எங்க உட்டேன், ஃபேக்டரி ஆளுங்க உட்டாங்க, பைய அமுக்கி. மொத நாளு நானும் உன்ன மாதிரிதான். அவங்க குடுப்பாங்க, நான் தள்ளுவேன். எப்ப வரும்னு தெரியாது, அதான் பயம். ரெண்டா நாளு உங்க தாத்தா ஷிஃப்ட்டுக்கு வந்தாரு. பைய அமுக்க சொல்லோ கட்டில் கம்பிய மிதிப்பாரு. கம்பி ஒரு ஆட்டு ஆடும், ஒடனே காத்து வரும். அத்த கண்டுகினேன். அப்பால பயம் பூட்ச்சு."

மகன் கண்ணை மூடவில்லை. அவர் மெஷினைச் சற்று நேரம் கவனித்துக் கேட்டார். பிறகு விரல் மோதிரத்தால் கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். மெஷின் மூச்சு கொடுத்தது. இன்னொரு தட்டு, இன்னொரு மூச்சு. எட்டாவதோ ஒன்பதாவதோ தட்டில் மகனின் புருவம் தளர்ந்தது. சிறிது நேரம் கழித்துத்தான் அலாரம் நின்றிருப்பது எனக்கு உறைத்தது. அவர் தட்டுவதை நிறுத்தாமல் குனிந்து சொன்னார்:

"அவ்ளோதான் நைனா. இப்ப மெஷின் ஷிஃப்ட்டு, அவன் பாத்துப்பான். நீ தூங்கு. உன் ஷிஃப்ட்டு வர சொல்லோ நானே வந்து எழுப்புறேன்."